விதையை அறிவோம், செடியை அறியோம்

மெல்பேர்ணில் வாழும் என் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். மாலையில் அவர் உலாவப் போகும் ஓடைக்கரையில் ஆளுயரத்துக்கு மேலாகப் பெருஞ்சீரகச் செடிகள் தாமாகவே வளர்ந்து மஞ்சள் பூப் பூத்து நிற்கின்றனவாம். "மச்சான், ஊரிலை காசு குடுத்து வாங்கின சாமான் இஞ்சை காடாய்க் கிடக்குது. அதுக்குப் பக்கத்திலை வெள்ளைப் பூவோடை நிக்கிறது மல்லிதானே? ரெண்டையும் பிடுங்கிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டார். மல்லிச் செடியின் பூவும் வெள்ளைதான். அவர் ஊகித்ததில் நியாயம் இருந்தது. ஆயினும் ஏதோ ஒரு தயக்கத்தில், "படம் எடுத்து அனுப்பு. அதுவரைக்கும் ஒண்டிலையும் கை வைக்காதை" என்று சொல்லி வைத்தேன்.

படம் வந்தது. அதில் நான் கண்டதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தச் செடிக் குடும்பத்தின் கதையைக் கொஞ்சம் பார்த்து வருவோம். நமது அடுப்படியில் நாள்தோறும் புழங்கும் குடும்பம் இது. ஆனாலும் நம்மிற் பெரும்பாலோர் இதன் விதைகளைத்தான் அறிவோம், செடிகளைக் கண்டதில்லை.

இலங்கைத் தமிழர் பெருஞ்சீரகம் என்பதைத் தமிழகத்தார் சோம்பு என்பர். நாம் நற்சீரகம், சின்னச்சீரகம் என்றெல்லாம் சொல்வதை அவர்கள் சீரகம் என்றே சொல்லி விடுவர். சிங்களத்தில் முன்னையது மாதுரு, பின்னையது சூதுரு. சீரகம் என்ற சொல் வடமொழியின் ஜீரகத்தோடு தொடர்புடையது. செரித்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது என்பர். அகத்தைச் சீர்செய்வது ஆதலின் சீரகம் என்று பிரித்துப் பொருள் காண்பது நம் வைத்தியர்களின் வழக்கம். எப்படியாயினும், பெயர் வைத்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டுகொண்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே இனக்கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒன்று பெரியது, மற்றது சிறியது. தாவரவியல் படிக்காமலே மூக்கினாலும் நாவினாலும் கண்ட உறவு இது.

ஆனால் மூக்கும் நாவும் சில சமயம் ஏமாறுவதுண்டு. கருஞ்சீரகம் பெயரில் மட்டுமே சீரகம். தாவரவியலின்படி அது வேறொரு குடும்பம். பிரியாணிக்குப் போடும் நட்சத்திரச் சோம்பு கிழக்காசியாவில் வளரும் மரம் ஒன்றின் காய். பெருஞ்சீரகத்துக்கு மணம் தரும் அனெத்தோல் என்ற பொருள் அதிலும் இருக்கிறது என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. வெந்தயமோ பயறு, அவரை ஆகியவற்றின் உறவு.

அப்படியானால் உண்மையான உறவினர் யார்? நற்சீரகம், மல்லி, ஓமம், சதகுப்பை, பெருங்காயம் ஆகியவை நமது சரக்குப் பெட்டியில் உள்ளவை. மரக்கறிக் கடையில் கரட்டும் செலரியும். நம்மவர் பலருக்கு வியப்பளிக்கக்கூடியது, நம் வீட்டுக் கிணற்றடியில் படரும் வல்லாரையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதுதான். சம்பலுக்கு ஆய்கின்றபோது இலையைத் தவிர வேறொன்றையும் நாம் பார்ப்பதில்லை. தண்டோடு ஒட்டி ஒளிந்திருக்கும் அதன் சின்னஞ்சிறு பூக்கொத்தைப் பார்த்தால் குடும்ப அடையாளம் தெரியும்.

அந்த அடையாளம் குடை. ஒரே புள்ளியிலிருந்து பல காம்புகள் குடைக்கம்பிகள் போல விரிந்து, அவற்றின் நுனிகளிற் பூக்கள் இருக்கும். இதனால் இக்குடும்பத்துக்குக் குடை தாங்கிகள் என்ற பொருளில் இலத்தீனிலே பெயர் வைத்தார்கள். 3,700க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உள்ளன. ஆனால் எல்லாமே குடை பிடித்து நின்றால் ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிப் பிரித்தறிவது? ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்த ரொபேர்ட் மொரிசன் 1672இல் இக்குடும்பத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஒரு தாவரக் குடும்பத்தை மட்டும் முழுமையாக ஆராய்ந்து வெளிவந்த முதல் நூல் அதுவே என்பர். பூவைக் காட்டிலும் காயின் வடிவமே இவற்றைப் பிரித்தறியச் சிறந்த வழி என்பது அவர் முடிவு. சுளகில் மல்லியையும் சீரகத்தையும் புடைத்துப் பிரித்த நம் பாட்டிமாரும் இதே வழியைத்தான் கையாண்டார்கள்.

நாம் விதை என்று சொல்வது உண்மையில் உலர்ந்த காய்தான். முற்றியதும் அது இரண்டு பாதிகளாகப் பிரியும். பெருஞ்சீரகத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் நீளவாக்கில் வரம்புகள் தெரியும். அந்த வரம்புகளுக்கு இடையே, தோலுக்கு அடியில், நறுமண எண்ணெய் நிறைந்த நுண்குழாய்கள் ஓடுகின்றன. இந்தக் குழாய்களுக்காகத்தான் மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இக்குடும்பத்தைத் தேடி அலைந்தான்.

எத்தனை ஆயிரம் ஆண்டுகள் என்பதற்குக் களிமண்ணில் எழுதிய சான்றே உண்டு. கிரேக்கத்தின் மைசீனி நகர இடிபாடுகளிற் கிடைத்த மண் பலகைகளின் எழுத்தை நெடுங்காலம் எவராலும் வாசிக்க முடியவில்லை. 1952இல் மைக்கேல் வென்ரிஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் அதன் புதிரை அவிழ்த்தார். காவியங்களை எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தவை களஞ்சியக் கணக்குகள். கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கணக்குகளில் கொரியதன, குமினோ, மரத்துவோ என்ற பெயர்கள் வருகின்றன. முறையே மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம். சிங்கள மக்கள் துனபஹ என்று சொல்லும் கறித்தூளின் அடிப்படைச் சரக்குகளும் இந்த மூன்றுதான். யாழ்ப்பாணத்துக் கறித்தூளிலும் இவை மூன்றும் உண்டு. மிளகாய் நமக்கு வந்தது போர்த்துக்கேயர் காலத்தில். இந்த மூவரின் கூட்டணியோ மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

மரத்துவோ என்ற பெயர் பிற்காலக் கிரேக்கத்தில் மாரதோன் ஆயிற்று. ஏதென்சுக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், இச்செடி மண்டிக் கிடந்த சமவெளிக்கும் அதுவே பெயராயிற்று. கி.மு. 490இல் ஏதென்ஸ் படை பாரசீகரை வென்றது அவ்விடத்தில்தான். வெற்றிச் செய்தியோடு ஓடிய வீரன் பற்றிய கதையை வைத்து 1896இல் முதல் நவீன ஒலிம்பிக்கில் நெடுந்தூர ஓட்டம் ஒன்றை அமைத்தார்கள். நமது பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் மரதன் ஓட்டம் என்று அறிவிக்கும்போது, நாம் பெருஞ்சீரகத்தின் பெயரைத்தான் சொல்கிறோம். 15ஆம் நூற்றாண்டில் மதெய்ரா தீவிற் குடியேறிய போர்த்துக்கேயர், அங்கு மலிந்து கிடந்த இதே செடியின் பெயரால் தம் நகருக்கு ஃபுன்சல் எனப் பெயரிட்டனர். கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தில் மாமன்னன் சார்லமேனின் பண்ணைகளில் நடவேண்டிய பயிர்களுக்கு ஒரு பட்டியல் எழுதப்பட்டது. அதில் இக்குடும்பத்தவர் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மாரதோன் என்றும் ஃபுன்சல் என்றும் ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் செடியைக் கண்ணாற் கண்டவர்கள். நாம் அப்படியல்ல. பெருஞ்சீரகமும் நற்சீரகமும் குளிர்ந்த, வரண்ட பருவத்தில் விளைபவை. இந்தியாவில் குஜராத்தும் ராஜஸ்தானும் இவற்றின் தாயகம் போல ஆகிவிட்டன. குஜராத்தின் ஊஞ்சா நகரச் சந்தை உலகறிந்தது. இலங்கைக்கு வேண்டியதிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து மூட்டையிற் கட்டிக் கப்பலில் வருகிறது. ஆகவே நமக்கு இவை சரக்குகளே அன்றிச் செடிகள் அல்ல.

செடியைக் காணாத இடத்திற் பெயர்களும் இடம் மாறிவிடும். மத்தேயு சுவிசேஷத்தின் 23ஆம் அதிகாரத்தில், பரிசேயர் செலுத்திய தசமபாகத்தில் மூன்று பூண்டுகள் குறிப்பிடப்படுகின்றன. கிரேக்க மூலத்தில் அவற்றுள் நடுவிலுள்ளது சதகுப்பை. பழைய ஆங்கில வேதாகமம் அதை வேறொரு செடியாகிய அனிஸ் ஆக்கிற்று. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது வெந்தயம் ஆயிற்று. முதலாவது பூண்டான புதினாவை அதே தமிழ் மொழிபெயர்ப்பு ஒற்தலாம் என்கிறது. போர்த்துக்கேய மொழியில் ஒர்தெலா என்றால் புதினா. மூன்றாவதாகிய சீரகம் மட்டும் எங்கும் சீரகமாகவே நின்றது. மொழிபெயர்த்தவர்கள் கல்வியிற் குறைந்தவர்கள் அல்லர். பார்த்திராத செடிக்குத் தெரிந்த பெயர் ஒன்றைக் கொடுத்தார்கள், அவ்வளவே.

பெயர் மாறுவதால் பெரிய கேடு ஒன்றுமில்லை. ஆனால் சரக்கை மட்டும் அறிந்து செடியை அறியாதிருந்ததால் ஒரு செடியையே உலகம் இழந்த வரலாறு இருக்கிறது.

இன்றைய லிபியாவின் கிழக்குக் கரையில் சைரீன் என்ற கிரேக்கக் குடியேற்ற நகரம் இருந்தது. அதன் சுற்றுப்புறத்தில் மட்டும் சில்பியம் என்ற செடி வளர்ந்தது. தடித்த தண்டும் குடைப் பூவும் கொண்ட அது பெருங்காயத்தின் நெருங்கிய உறவினர் என்று கருதப்படுகிறது. அதன் பாலை உலர்த்தி எடுத்த பிசின் சமையலுக்கும் மருந்துக்கும் ஆயிற்று. சைரீன் தன் நாணயங்களில் அந்தச் செடியையே பொறித்தது. கி.மு. 49இல் யூலியஸ் சீசர் உரோமின் அரச கருவூலத்தைத் திறந்து எடுத்தவற்றுள் பொன், வெள்ளியோடு 1,500 இறாத்தல் சில்பியப் பிசினும் இருந்ததாகப் பிளினி எழுதுகிறார். விலை இவ்வளவு உயர்ந்தும் அது பயிரிடப்படவில்லை. பயிர் செய்தால் வளராது என்பது தாவரவியலின் தந்தை எனப்படும் தியோபிராஸ்டஸ் காலத்திலேயே இருந்த கருத்து. காட்டிற் கிடைத்ததை வெட்டி எடுத்தார்கள். பின்னர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், மந்தை மேய்ப்பதில் அதிக இலாபம் கண்டு ஆடுகளை விட்டார்கள். தம் நினைவுக்கு எட்டிய காலத்தில் ஒரேயொரு தண்டுதான் கிடைத்தது என்றும், அது நீரோ மன்னனுக்கு அனுப்பப்பட்டது என்றும் பிளினி குறிக்கிறார். உரோமின் செல்வந்தருக்குப் பிசினின் மணம் தெரியும், விலை தெரியும். செடி எப்படி முளைக்கிறது என்பது தெரியாது. தெரிந்தபோது செடி இல்லை.

2021இல் துருக்கிய ஆய்வாளர் மஹ்மூத் மிஸ்கி, அந்நாட்டின் ஹசன் மலைப் பகுதியில் வளரும் அரிய செடியொன்று பழைய சில்பியத்தின் வர்ணனைக்குப் பொருந்துகிறது என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அது சில்பியமேதானா என்பது இன்னும் விவாதத்துக்கு உரியது.

சில்பியம் போன இடத்துக்கு வந்ததுதான் பெருங்காயம். அலெக்சாந்தரின் படைவீரர் இந்து குஷ் மலைகளைக் கடந்தபோது, அங்கு கண்ட பெருங்காயச் செடியைத் தம் சில்பியம் என்றே எண்ணினார்கள். பின்னாளில் உரோமர் அதைப் பாரசீகப் பக்கத்திலிருந்து தருவித்து, அசலுக்கு ஈடாகாது என்று முணுமுணுத்துக்கொண்டே உண்டார்கள். அவர்களுக்குப் பதிலியாக வந்தது நமது இரசத்துக்கும் சாம்பாருக்கும் உயிராயிற்று. ஆயினும் நமது நிலையும் உரோமர் நிலையிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. உலகிலேயே அதிகமாகப் பெருங்காயம் உண்ணும் இந்தியா, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 தொன் மூலப்பிசினை ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்து வந்தது. 2020 ஒக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அரசாங்க ஆய்வு நிறுவனமொன்று முதல் நாற்றுகளை நட்டது. ஓர் இழப்பிலிருந்து பாடம் கற்க இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன எனலாம்.

இனி அடுப்படிக்கு வருவோம். செடியை அறிந்தால் சமையலும் சற்றுத் திருந்தும். முன்னர் சொன்ன எண்ணெய்க் குழாய்கள் தோலுக்கு அடியில் இருப்பதால் அதிக வெப்பத்தில் மணம் ஆவியாகிப் போய்விடும். மல்லி பருமனானது, வறுபட நேரம் எடுக்கும். நற்சீரகமும் பெருஞ்சீரகமும் விரைவில் வறுபடும், கருகினாற் கசக்கும். ஆகவேதான் கறித்தூளுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே தாச்சியில் இட்டு, இளஞ்சூட்டில் வாசம் எழும்பும் வரை வறுக்க வேண்டும் என்று அம்மா சொல்வார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் மல்லி பச்சையாகவும் சீரகம் கரியாகவும் முடியும்.

பெருஞ்சீரகத்தின் அனெத்தோல் நீரிற் சரியாகக் கரையாது; எண்ணெயில் நன்றாகக் கரையும். லெபனானியரின் அரக்கில் தண்ணீர் விட்டவுடன் பால் போல வெளுப்பது இதனாலேயே. ஆகவே முழுப் பெருஞ்சீரகத்தைக் குழம்பு கொதிக்கும்போது போடுவதிற் பயன் குறைவு. தாளிதத்தில் எண்ணெயோடு சேர வேண்டும். அல்லது கடைசியில் வறுத்துப் பொடித்துத் தூவ வேண்டும். யாழ்ப்பாணத்து இறைச்சிக் கறியை இறக்கும் நேரத்தில், பெருஞ்சீரகத்தோடு கறுவா, ஏலம், கராம்பு சேர்த்த இறைச்சிச் சரக்கைத் தூவி மூடி வைப்பதன் பொருத்தம் இதுதான். பருத்தித்துறை வடையில் பெருஞ்சீரகம் முழுதாக நிற்பதும் பொரிக்கும் எண்ணெய் அதன் மணத்தை மாவெங்கும் கொண்டு செல்வதால்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இருப்போருக்கு நாம் அறியாத ஒரு வாய்ப்பும் உண்டு. இத்தாலியர் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த பெருஞ்சீரக வகையொன்று அங்குள்ள மரக்கறிக் கடைகளிற் கிடைக்கிறது. அடியில் வெங்காயம் போலப் பருத்திருப்பதைக் கிழங்கு என்று பலர் நினைக்கின்றனர். அது ஒன்றின்மேல் ஒன்றாகப் பொதிந்த இலையடிகளே. மெல்லியதாக அரிந்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் பச்சை மிளகாயும் சேர்த்தால் நல்ல பச்சடி. துண்டங்களாக்கித் தேங்காய்ப் பாலில் வெள்ளைக் கறியாகவும் வைக்கலாம். நூல் போன்ற இலைகளை அரிந்து மீனுக்கு மேல் தூவலாம். எங்கள் வீட்டில் மீன் குழம்புக்குப் பெருஞ்சீரகம் சேர்ப்பதில்லை. சிசிலித் தீவினரோ மத்தி மீனையும் காட்டுப் பெருஞ்சீரக இலையையும் சேர்த்துச் சமைப்பதைத் தம் தேசிய உணவு போலக் கொண்டாடுகின்றனர்.

இப்போது மெல்பேர்ணுக்குத் திரும்புவோம். நண்பர் அனுப்பிய படத்தில் மஞ்சள் பூச் செடி பெருஞ்சீரகமேதான். ஐரோப்பியரோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய், அங்கு களையாகப் பரவிவிட்டது. வெள்ளைப் பூச் செடியின் தண்டு மயிரின்றி வழுவழுப்பாக இருந்தது. அதில் ஊதாப் புள்ளிகளும் திட்டுகளும் தெளிவாகத் தெரிந்தன. தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் பார்த்தவுடனேயே சொன்னார், "ஹெம்லொக்."

கி.மு. 399இல் சோக்ரடீசுக்குக் கொடுக்கப்பட்ட நஞ்சு இச்செடியினுடையது என்பதே அறிஞர் பலரின் முடிவு. கால்களில் தொடங்கிய மரப்பு மெல்ல மேலேறியதைப் பிளேட்டோ விவரிக்கிறார். அதன் நச்சுப் பொருளாகிய கொனீன் தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்திவிடும். இலை, தண்டு, வேர், விதை யாவற்றிலும் நஞ்சு உண்டு. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்று, அங்கெல்லாம் ஓடைக்கரைகளிலும் தெருவோரங்களிலும் வளர்கிறது.

இச்செடிக்கு நம் ஊர் வழக்கில் ஒரு பெயர் இல்லை. நம் ஊரில் அது வளராததுதான் காரணம். ஆகவே நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற அறிவில் இதைப்பற்றிய எச்சரிக்கையும் இல்லை. மல்லி, சீரகம், வல்லாரை என இக்குடும்பத்தின் நல்லவர்களோடு மட்டுமே பழகிய நாம், குடை பிடித்து நிற்பவை எல்லாம் நல்லவை என்று நம்பப் பழகியிருக்கிறோம். கண்காணாத தேசத்துக்குப் போனவர்கள் அந்த நம்பிக்கையையும் கூடவே கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆதலால் புலம்பெயர் உறவுகளுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். வெளியில் தானாக வளர்ந்து நிற்கும் குடைப் பூச் செடி எதையும் பறித்துச் சமைக்காதீர்கள். வாயில் வைத்துச் சோதிக்கவும் வேண்டாம். வாசத்தை நம்பியும் முடிவு செய்யவேண்டாம். பெருஞ்சீரகத்தோடு கலந்து நின்றால் அதன் வாசமே எங்கும் வீசும். ஆசையிருந்தால் ஒரு பிடி விதையை வாங்கி உங்கள் வளவில் நீங்களே விதையுங்கள். முளைப்பதையும் இலை விடுவதையும் மஞ்சட் குடை விரிவதையும் உங்கள் பிள்ளைகள் பார்க்கட்டும். நம்மில் எத்தனையோ தலைமுறையினர் காணாததை அவர்கள் காண்பார்கள்.

நண்பர் இப்போது தொட்டியிற் பெருஞ்சீரகம் போட்டிருக்கிறார். முளைத்துவிட்டதாம். இந்த முறை கேட்காமலே படம் அனுப்பியிருந்தார்.